பெயின்ற் சுரண்டிய ஏழு கிழமைகள்

என் மனைவி பலெர்மோவுக்கு வந்து இறங்கியபோது எங்களுக்குக் கலியாணமாகி நான்கு வருடம் முடிந்திருந்தது. அந்த நான்கு வருடத்தில் நாங்கள் ஒன்றாக இருந்தது பதினேழு நாட்கள். பதினெட்டாம் நாள் நான் ஏஜென்சிக்காரனோடு கொழும்புக்குப் புறப்பட்டவன்தான். பிறகு எனக்கு இத்தாலியில் தங்குகிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைத்து, அவளை எடுப்பிக்கிற கடதாசிகள் சரிவந்து, அவள் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் மீசையை எடுத்திருந்தேன். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முன்பின் தெரியாத ஒருவரோடு போகிறவளைப் போலத்தான் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வியா மக்வேதா என்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். எங்கள் பங்குக்கு வந்தது பாதி அறை. மற்றப் பாதிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்குள் ஏதாவது கதைப்பதென்றால் குசுகுசுக்க வேண்டும். சிரித்தால் அந்தப் பக்கம் இருமுவார்கள். நான் பின்னேரம் ஒரு ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவப் போவேன். அவள் காலையில் லிபெர்த்தா பக்கத்தில் ஒரு இத்தாலிய அம்மாவின், சின்யோராவின், வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போவாள். நான் எழும்பும்போது அவள் இல்லை; அவள் படுக்கும்போது நான் இல்லை. வந்து எட்டு மாதமாகியும் அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

சின்யோரா ஒரு விதவை. கணவருக்குச் சீசா என்கிற பகுதியில் ஒரு பட்டறை இருந்தது. தண்ணீர்ப் பம்புகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கிற இடம். அவர் இறந்து இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. நகரத்துக்கு வெளியே, உள்நாட்டுப் பக்கம் எங்கோ இருந்து ஒருவர் மெஷின்களை வாங்க ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் சின்யோரா அவற்றை அந்தக் கோலத்தில் அனுப்ப விரும்பவில்லை. கணவர் இருந்த காலத்தில் ஒரு துளி எண்ணெய் மெஷினில் வழிய விடமாட்டாராம். பிறத்தியார் கண்ணில் அது ஊத்தையாகப் படக் கூடாது என்று சின்யோரா சொன்னாராம். உன்னுடைய புருஷனுக்குப் பெயின்ற் அடிக்கத் தெரியுமா என்று என் மனைவியைக் கேட்டிருக்கிறார். இத்தாலியனில் ஓம் என்பதற்குச் ‘சீ’ என்று சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஒரு பெரிய மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சீ என்று சொல்ல அவளுக்குச் சிரிப்பு வருமாம். ஆனாலும் எதைக் கேட்டாலும் சீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் சொல்லிவிட்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில், எங்கள் தீவில், வள்ளத்துக்கு அடித்த பெயின்ற்தான். இரும்பு வேறு சாதி என்பது பட்டறையின் இரும்புக் கதவை மேலே உருட்டித் திறந்த அன்றே விளங்கிவிட்டது. உள்ளே ஐந்து மெஷின்கள் நின்றன. இரண்டு லேத், ஒரு துளைபோடும் மெஷின், இரும்பைச் சீவுகிற ஒன்று, அறுக்கிற ஒன்று. எல்லாம் பச்சை. பச்சை உரிந்த இடத்தில் சாம்பல், சாம்பலுக்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே காவி நிறத்தில் ஒரு சிவப்பு. முப்பது நாற்பது வருடமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடித்திருந்தார்கள். பழையது அவ்வளவையும் எடுக்காமல் மேலே அடித்தால் ஒரு வருடத்தில் பொருக்கு விட்டுவிடும். ஆகவே இரும்பு தெரியும்வரை கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பெயின்ற் கழற்றும் மருந்து தகர டின்னில் வரும். கஞ்சி மாதிரித் தடிப்பாக இருக்கும். தூரிகையால் தடவிவிட்டுக் கால்மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தால், பெயின்ற் அப்பளம் பொரிவதுபோலப் பொங்கி எழும்பும். உடனே தகட்டுச் சுரண்டியால் வழிக்க வேண்டும். மூலை முடுக்குக்குக் கம்பி பிரஷ். மருந்து அசைக்காத இடத்தைச் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அந்தச் சிவப்பு மாவாகப் பறக்கும். மருந்தின் மணம் முதலில் இனிப்பாக இருக்கும், பிறகு நெற்றிக்குள் குத்தும். இரண்டாம் நாளே மேல்மாடி மனிசி பால்கனியில் நின்று சத்தம் போட்டாள், மணம் வீட்டுக்குள் வருகிறதாம். அதற்குப் பிறகு நான் கதவை ஒரு சாண் மட்டும் விட்டுக் கீழே இழுத்துவிட்டு, லைற் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். பின்பக்கத்து யன்னல் எந்தக் காலத்திலோ சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ற் அடிபட்டு இறுகிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் என் மனைவி வேலை முடிந்து பஸ் எடுத்து அங்கே வந்தாள். சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் போவாள் என்று நினைத்தேன். அவள் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு சுரண்டியைக் கையில் எடுத்தாள். இருந்த ஒரு சோடி றப்பர் கையுறையை அவளிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு நாளும் வந்தாள். நான் ரெஸ்டோரண்டுக்குப் புறப்படும் வரைக்கும் நான்கு மணித்தியாலம் நாங்கள் இரண்டு பேரும் தனிய இருப்போம்.

அந்த நகரத்தில் எங்களுக்கென்று கிடைத்த முதல் வீடு அது. உரத்துக் கதைக்கலாம். அவள் நன்றாகக் கதைப்பாள் என்பதே எனக்கு அங்கேதான் தெரியவந்தது. லேத்தின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சுரண்டிக்கொண்டே கதைப்பாள். நான் இல்லாத நான்கு வருடம் மாமியாரோடு பட்ட பாட்டை என் அம்மாவின் குரலிலேயே செய்து காட்டினாள். எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. ஒருநாள் நான் அனுப்பிய கடிதங்களில் ஒரு எழுத்துப்பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லி, சுரண்டிய இரும்பில் விரலால் எழுதித் திருத்தினாள். இன்னொரு நாள் கோபித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைக்கவில்லை. அவளுக்கு எதற்குக் கோபம் வரும் என்பதும் தெரிந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் வேறு கதைக்குத் தாவினால் கோபம் வரும். என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டபோது, பழைய பச்சையே வேண்டும் என்றாள். அந்த மனிசன் பார்த்து அடிச்ச நிறத்தை நாங்கள் ஏன் மாத்த வேணும் என்று கேட்டாள்.

ஐந்தாம் கிழமை அவளுக்குக் குமட்டிச் சத்தி வரத் தொடங்கியது. மருந்து மணம் என்று இருவரும் நினைத்தோம். வாசலில் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வருவாள். பிறகு காலையில் சின்யோரா வீட்டிலும் சத்தி வந்தது. அங்கே மருந்து இல்லை. சின்யோராதான் கண்டுபிடித்துத் தன்னுடைய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு மத்தியானம் அவள் கதவைக் கொஞ்சம் உயர்த்தி, குனிந்து நுழைந்து வந்து, சுரண்டியை எடுக்காமல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் விளங்கிக்கொள்ள நேரம் எடுத்தது. விளங்கியதும் பெயின்ற் கையோடு அவளைத் தொடவும் முடியாமல், கை கழுவப் போகவும் மனமில்லாமல் நின்றேன்.

இரண்டு மெஷின் மிச்சம் இருந்தது. மருந்து முடிந்து இன்னொரு டின் வாங்கப் பெயின்ற் கடைக்குப் போனேன். வழக்கமாகக் கடைக்காரர் நிற்பார். அன்றைக்கு ஒரு பெண் நின்றாள். டின்னை எடுத்து வைத்துவிட்டு, எங்கே பாவிக்கிறாய் என்று கேட்டாள். பழைய மெஷின் என்று சொன்னேன். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், தேய்க்கிற தூள் கூடாது, மருந்தும் கூடாது, கதவு யன்னல் எல்லாம் திறந்து வை, சின்னப் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கிட்ட வரக் கூடாது என்றாள். கைகளை வயிற்றுக்கு முன்னால் வளைத்துக் காட்டியும் சொன்னாள், எனக்குப் பாஷை விளங்காமல் போய்விடுமோ என்று. விளங்கியது. முழுவதும் விளங்கியது.

அன்றைக்கு அவளிடம், இனி வர வேண்டாம், உமக்கு இந்த மணம் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வீட்டில் அந்தச் சனத்துக்கு நடுவில் போயிருந்து என்ன செய்வது என்று கேட்டாள். தனக்கு மணம் பழகிவிட்டது என்றாள். பெயின்ற் கடையில் கேட்டதை நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரமாட்டாள். அவள் வராத பட்டறையை நினைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு கிழமைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுரண்ட வேண்டாம், தூரப் போய் இரும், நான் செய்கிறேன் என்றேன். அவள் ஒருநாள் தூர இருந்தாள். அடுத்த நாள் பிரஷை எடுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நல்லபடியாக முடிந்தது. சிவப்பு அடிப்பூச்சு ஒன்று, பட்டி வைத்துத் தேய்த்து, பச்சை இரண்டு பூச்சு. சின்யோரா இரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முறை பட்டறைக்குள் கால் வைத்தார். ஒரு லேத்தின் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். என் மனைவி பக்கத்தில் போய் நின்று அவருடைய முதுகைத் தடவினாள். மறுநாள் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஆகஸ்ட் முடிவில், ஐந்தாம் மாதம், ஒரு மத்தியானம் அவளுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. நகரம் முழுக்கக் கடலுக்குப் போயிருந்த நாட்கள். பஸ் இல்லை. சந்தில் ஒரு பழக்கடைக்காரர் தன்னுடைய மூன்று சில்லு வண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் கையை விட்டுவிட்டுத் தன்னுடைய வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு இளம் பெண் டொக்டர் கடதாசிக் கட்டோடு கட்டிலடிக்கு வந்தார். நல்ல மனிசி. மெதுவாகத்தான் கதைத்தார். முன்பு இப்படி நடந்ததா, ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார். நான் மனைவியிடம் கேட்டுக் கேட்டு மறுமொழி சொன்னேன். பிறகு, இவர் இந்த மாதங்களில் பெயின்ற், பெயின்ற் கழற்றுகிற மருந்து, அப்படி ஏதாவது பாவித்தாரா, வேலையிடத்திலோ வீட்டிலோ என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருந்திருக்கும். பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

இல்லை, வீட்டுவேலைதான் செய்கிறாள் என்று சொன்னேன்.

என் மனைவி தலையணையில் முகத்தைத் திருப்பி, “என்ன கேட்கினம்?” என்றாள்.

“வயசு கேட்கினம்,” என்றேன்.

டொக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், நடையில் ஒரு மேசையில் ஏதோ கடதாசிகளில் கையெழுத்து வைத்தேன். ஏன் பொய் சொன்னேன் என்பதற்குப் பல வருடம் பல காரணம் வைத்திருந்தேன். சின்யோராவுக்குப் பிரச்சினை வரும், பதியாத வேலை என்று பொலிஸ் க்வெஸ்தூரா வரைக்கும் போகும், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க மாட்டார்கள். ஒன்றும் உண்மையில்லை. நான் ஓமென்று சொல்லியிருந்தால் டொக்டர் அவளிடம் திரும்பியிருப்பார், அவள் என்னிடம் திரும்பியிருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். வேறொன்றுமில்லை.

அவள் இரண்டு கிழமையில் மறுபடி வேலைக்குப் போனாள். சின்யோரா அவளைக் குனிய விடாமல், நிலம் துடைக்க விடாமல் வைத்துக்கொண்டார், பின்னேரங்களில் இருத்தி இத்தாலியன் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருடம் நாங்கள் சீசாவில் ஒரு சின்ன வீடு எடுத்தோம். தனி வீடு, இரண்டு அறை. உரத்துக் கதைக்கலாம். அவள் அளவாகக் கதைத்தாள். உப்புக் காணுமா, கதவு பூட்டினீங்களா, நாளைக்கு என்ன வேலை. மனம் ஆற நாளெடுக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். சில நாள் அவளிடம் சொல்ல வாயெடுப்பேன். தெரியாத ஒன்றைச் சொல்லி அவளை ஏன் இன்னொருமுறை சாகடிக்க வேண்டும் என்று அடங்கிவிடுவேன். அதை அவளுக்காகச் செய்கிற நன்மை என்றே நம்பினேன்.

மூன்று வருடம் அப்படிப் போனது.

ஒருநாள் சின்யோரா வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. மெஷின்களை வாங்கிய மனிதர் எங்களுடைய வேலையை மறக்கவில்லை. தன்னிடம் இன்னும் பழைய மெஷின்கள் இருக்கின்றன, அதே ஆளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பாத்திரம் கழுவிக் கை வெந்துபோயிருந்த எனக்கு அது பெரிய விஷயம். சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னேன், போகலாமென்று நினைக்கிறேன் என்று.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “சின்யோராட்ட நான் ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்,” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்.”

நான் வழக்கம்போல வேறு கதைக்குப் போகப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“அண்டைக்கு அந்த டொக்டர் கேட்டது எனக்கு விளங்கினது. ஏழு கிழமையா டின்னில பாத்துக்கொண்டிருந்த சொல்லுத்தானே. பெயின்ற் எண்டும் விளங்கினது, நீங்கள் இல்லையெண்டு சொன்னதும் விளங்கினது.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

பெயின்ற் கடையில் நின்ற பெண்ணைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னேன். கைகளை வளைத்துக் காட்டினாளே, அதையும் சொன்னேன். அதுமட்டும் அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை. கடைசியில், பிள்ளை போனதற்குத் தான் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்றாள். நானும்தானே சுரண்டியைப் பிடித்தேன் என்றாள். கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். “வயசு கேட்கினம் எண்டு சொன்னீங்களே. அதைத்தான் என்னால விழுங்க ஏலாமல் கிடக்கு.”

அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவினாள். நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளே ஒரு டொக்டரிடம் நேரம் எடுத்தாள். என்னையும் வரச் சொன்னாள். இந்தமுறை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஏழு கிழமை என்ன செய்தோம், எந்த மருந்து, எப்படித் தூள் பறந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று ஒன்றும் விடாமல் சிசிலிக்காரி மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னாள். கடைக்காரப் பெண் சொன்னதையும் சொன்னாள். ஆனால் எனக்குச் சொன்னாள் என்று சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்னாள் என்றாள். டொக்டர் வயதானவர். அதனால் நடந்திருக்கலாம், அது இல்லாமலும் நடந்திருக்கலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். நான் குற்றவாளி என்று சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன். இல்லை என்றிருந்தால் இறக்கி வைத்திருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. முயற்சி செய்தோம், மலைமேல் இருக்கிற மாதா கோயிலுக்குக் கால்நடையாக ஏறி நேர்த்தி வைத்தோம், வந்தவர்கள் சொன்ன மருந்தெல்லாம் குடித்தோம். பிறகு விட்டுவிட்டோம்.

டொக்டரிடம் போய்வந்த அந்த வருடம் ஆகஸ்ட் முடிவில் ஒரு காலை அவள் நல்ல சீலை உடுத்துக்கொண்டு நின்றாள். மாதா கோயிலுக்குப் போகிறேன் என்றாள். ஒவ்வொரு வருடமும் பிள்ளை போன அந்த நாளில் பூசைக்குக் காசு கொடுக்கிறாளாம். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இவ்வளவு நாளும் தனிய போய் வந்திருக்கிறாள். நீங்களும் வாறதெண்டால் வாங்கோ என்றாள். சட்டையை மாற்றிக்கொண்டு பின்னால் போனேன். கோயிலில் கிழவிகள் ஏழெட்டுப் பேர். சுவாமியார் அன்றைய பூசைக் கருத்துகளை வாசிக்கும்போது இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு குழந்தைக்காக என்று மட்டும் சொன்னார். பெயர் இல்லை. அவள் முழந்தாளில் இருந்தாள். நான் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதைத்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் நான் கையெழுத்து வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு தாதி வந்து, பிள்ளையைப் பார்க்கப் போகிறாயா என்று கேட்டாளாம். அதற்கும் சீ என்று சொன்னாளாம்.

“பொம்பிளைப் பிள்ளை. நீங்கள் ஒருநாளும் கேட்கேல்லை.”

உண்மைதான். நான் ஒருநாளும் கேட்கவில்லை. வீதியைக் கடக்க வாகனங்கள் விடவில்லை; இருவரும் கரையில் நின்றோம். எப்படி இருந்தாள் என்று கேட்டேன். அவள் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தபடி சொல்லத் தொடங்கினாள். கை எவ்வளவு சின்னது, விரல்களில் நகம் இருந்ததா, நெற்றி யாருடையது என்றெல்லாம் சொன்னாள். வீடு வந்து, படியேறி, திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.